பென்ட்லி வண்டிக்கு விசை கூட்டிய வரலாறு

சந்தைக்குப் பாரவண்டி ஓட்டிச் சென்ற வண்டிக்காரர்களை உங்களுள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் என் இளமையில் பார்த்திருக்கிறேன். நேரத்தோடு சந்தை போய்ச் சேர வேண்டிய வண்டிக்காரருக்கு இரண்டு வழிகள் இருந்தன. மாட்டின் வாலை முறுக்கி, தார்க்குச்சியால் குத்தி விரட்டுவது ஒரு வழி. முதல் நாளே அச்சுக்கு மை இட்டு, கடையாணியைச் சரிபார்த்து, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வைத்து, விடியுமுன் புறப்படுவது மற்றொரு வழி. முதல் வழியில் ஊர் எல்லை வரை வண்டி பறக்கும். இரண்டாம் வழியில் சந்தை வரை போகும்.

இவ்விரு வழிகளுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்து தேசத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. அது மாட்டுவண்டியைப் பற்றியதன்று. பென்ட்லி என்னும் புகழ்பெற்ற பந்தய மோட்டார் வண்டியைப் பற்றியது. அந்த வண்டியின் விசையைக் கூட்டுவது எப்படி என்பதே வாதம். இரு தரப்பிலும் திறமைசாலிகள் இருந்தனர்; இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. தீர்ப்போ எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வால்ட்டர் ஓவன் பென்ட்லி 1888-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் டான்காஸ்டர் நகரில் இருந்த ரயில்வே பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். நீராவி எஞ்சின்களைக் கழற்றவும் பூட்டவும் கற்ற அந்த ஆண்டுகள் அவர் மனத்தில் ஓர் எண்ணத்தை ஆழப் பதித்தன. இயந்திரம் என்பது பெரிதாக இருக்கலாம், கனமாகவும் இருக்கலாம். ஆனால் நெடுந்தூரம் சலிக்காமல் இழுக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம்.

பின்னர் அவர் தம் சகோதரருடன் சேர்ந்து டி.எஃப்.பி. என்னும் பிரெஞ்சு வண்டிகளை லண்டனில் விற்கலானார். 1913-இல் பிரான்சிலுள்ள அத்தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசையின் மேல் காகிதங்கள் பறக்காதிருக்க வைத்திருந்த ஒரு சிறு பொருள் அவர் கண்ணில் பட்டது. அது அலுமினியத்தில் வார்த்த ஒரு பிஸ்டனின் வடிவம். அக்காலத்தில் மோட்டார் வண்டியின் பிஸ்டன்களை வார்ப்பிரும்பால் செய்வதே வழக்கம். சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடுகின்ற அந்தப் பிஸ்டனின் எடை குறைந்தால் இயந்திரம் எவ்வளவு விரைவாகச் சுழலும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். அலுமினியம் 88 பங்கும் செம்பு 12 பங்கும் சேர்ந்த கலவையில் பிஸ்டன்கள் செய்வித்துத் தம் வண்டியில் பொருத்தினார். வண்டியின் வேகம் கண்கூடாக உயர்ந்தது. முதல் உலகப் போரில் இந்த அறிவு விமான இயந்திரங்களுக்கும் பயன்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பென்ட்லி தம் வண்டிக்கு வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த வீண்சுமையைக் கழித்தார், அவ்வளவே. விசையைக் கூட்டும் முதற்பாடம் இது.

1919-இல் அவர் தம் பெயரால் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். 1921-இல் முதல் வண்டிகள் விற்பனைக்கு வந்தன. நான்கு சிலிண்டர்களும், சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகளும் கொண்ட அந்த இயந்திரத்தின் கொள்ளளவு 2,996 சி.சி.; அதன் ஆற்றல் ஏறத்தாழ 70 குதிரைத்திறன். ஆதலால் அதனை மூன்று லிட்டர் பென்ட்லி என்று அழைத்தனர்.

1923-இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் ஒரு புதுவகைப் பந்தயம் தொடங்கியது. யார் முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறார் என்பதன்று அங்கே கேள்வி. இருபத்து நான்கு மணி நேரம், இரவும் பகலும் ஓடி, யார் அதிக தூரம் கடக்கிறார் என்பதே கேள்வி. அந்த முதற்பந்தயத்தில் ஜான் டஃப், ஃபிராங்க் கிளெமென்ட் என்னும் இருவர் ஒரு மூன்று லிட்டர் பென்ட்லியை ஓட்டினர். வண்டியின் வேகத்தில் குறையில்லை. ஆனால் பெயர்ந்த சாலையிலிருந்து தெறித்த ஒரு கல் விளக்கை உடைத்தது. மற்றொரு கல் பெட்ரோல் தொட்டியைத் துளைத்தது. பெட்ரோல் தீர்ந்து வண்டி நடுவழியில் நின்றது. டஃப் கால்நடையாகத் திரும்பி வந்து செய்தி சொல்ல, கிளெமென்ட் ஒரு மிதிவண்டியில் பெட்ரோலை எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு நேரம் இழந்தும் நான்காம் இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அதே இருவர் திரும்பி வந்தனர். அந்த வண்டிக்கு அதுவரை பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. இப்போது முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தப்பட்டிருந்தது. விளக்குகளுக்குக் கம்பிவலையும், பெட்ரோல் தொட்டிக்குக் கல் தாக்காத காப்பும் இருந்தன. 1924-இல் பென்ட்லி வென்றது. சென்ற ஆண்டின் பிழைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்துத் திருத்தியதே அந்த வெற்றியின் இரகசியம். இது இரண்டாம் பாடம்.

ஆண்டுகள் சென்றன; போட்டியாளரும் வளர்ந்தனர். மூன்று லிட்டர் போதவில்லை. பென்ட்லியின் விடை எளியது: இயந்திரத்தைப் பெரிதாக்கு. ஆறு சிலிண்டர்கள் கொண்ட ஆறரை லிட்டர் வண்டியும், நான்கு சிலிண்டர்கள் கொண்ட நாலரை லிட்டர் வண்டியும் உருவாயின. பெரிய இயந்திரம் மெல்லச் சுழன்றே பெரிய விசையைத் தரும். மெல்லச் சுழல்வது நெடுநேரம் உழைக்கும் என்பது அவர் கொள்கை. ரயில்வே பட்டறையில் கற்ற பாடம் அவரை விட்டு அகலவில்லை.

அக்கொள்கை பலித்தது. 1927-இல் லெ மானில் இரவு நேரத்தில் ஒரு பெரும் விபத்து நேர்ந்தது. மூன்று பென்ட்லி வண்டிகளும் அதில் சிக்கின. அவற்றுள் ஒன்று அடிபட்ட உடலோடும் உடைந்த விளக்கோடும் விடியும் வரை ஓடி, பந்தயத்தையும் வென்றது. 1928-இல் நாலரை லிட்டர் வண்டி வென்றது. 1929-இல் ஆறரை லிட்டரிலிருந்து வளர்த்த 'ஸ்பீட் சிக்ஸ்' வண்டி முதலிடம் பெற்றது. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்களும் பென்ட்லிக்கே கிடைத்தன.

இந்த வெற்றிகளுக்கிடையேதான் வழக்கு எழுந்தது. அதை எழுப்பியவர் ஹென்றி பிர்கின். 'டிம்' என்று நண்பர்களால் அழைக்கப்பட்ட அவர், பென்ட்லியின் பந்தய ஓட்டிகளுள் முதல்வரிசையைச் சேர்ந்தவர், அச்சம் அறியாதவர். 1928-இல் ஜெர்மானிய கிராண்ட் பிரீ பந்தயத்தில் அவர் நாலரை லிட்டர் பென்ட்லியை ஓட்டினார். அங்கே மெர்சிடிஸ் வண்டிகள் முன்னே பறந்து செல்வதைக் கண்டார். அவற்றில் சூப்பர்சார்ஜர் என்னும் கருவி இருந்தது.

அது என்ன கருவி? கொல்லன் உலையை நினைத்துக்கொள்ளுங்கள். உலையில் கரி தானாகவும் எரியும். ஆனால் துருத்தியை ஊதினால் இரும்பே உருகும் அளவுக்குக் கனன்று எரியும். மோட்டார் இயந்திரமும் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் மூச்சாக இழுத்து எரிக்கின்ற ஓர் உலைதான். சாதாரணமாக, பிஸ்டன் கீழிறங்கும்போது எவ்வளவு கலவை உள்ளே வருமோ அவ்வளவே வரும். சூப்பர்சார்ஜர் என்பது இயந்திரத்தாலேயே சுழற்றப்படும் ஒரு துருத்தி. அது கலவையை அழுத்தி உள்ளே திணிக்கிறது. அதே சிலிண்டரில் அதிகக் கலவை எரிவதால் அதிக ஆற்றல் பிறக்கிறது. ஆனால் கூடவே வெப்பமும் கூடுகிறது. பிஸ்டனும் வால்வும் தாங்க வேண்டிய பாரமும் கூடுகிறது.

பிர்கின் சொன்னார்: "நாலரை லிட்டர் வண்டிக்கு இதைப் பூட்டுவோம்." பென்ட்லி மறுத்தார். அவ்வாறு செய்வது தம் இயந்திரத்தின் இயல்பையே கெடுப்பதாகும் என்பது அவர் கருத்து. கூடுதல் வேகம் வேண்டுமானால் கூடுதல் லிட்டர் சேர்ப்போம் என்றார்.

ஆனால் கம்பெனி அப்போது அவர் கையில் இல்லை. பணமுடை வந்தபோது தென்னாப்பிரிக்க வைரச் செல்வத்தின் வாரிசான உல்ஃப் பர்னாட்டோ அதற்குப் பொருளுதவி செய்து, தலைவராகவும் ஆகியிருந்தார். பர்னாட்டோ பிர்கினின் திட்டத்துக்கு இசைந்தார். டோரத்தி பேஜெட் என்னும் செல்வச் சீமாட்டி பணம் தந்தார். ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறியியலர் சூப்பர்சார்ஜரை அமைத்தார். லெ மான் பந்தய விதிப்படி அத்தகைய வண்டிகள் 50 செய்யப்பட வேண்டியிருந்தது, அவையும் செய்யப்பட்டன. சூப்பர்சார்ஜரை ஆங்கிலேயர் 'ப்ளோயர்' என்றும் சொல்வதால், அந்த வண்டிக்கு 'ப்ளோயர் பென்ட்லி' என்ற பெயர் நிலைத்தது.

கணக்கைப் பாருங்கள். சாதாரண நாலரை லிட்டர் வண்டியின் ஆற்றல் 110 குதிரைத்திறன். ப்ளோயர் பென்ட்லியின் ஆற்றலோ 175. பந்தயத்துக்கென்று சீர்செய்த வண்டியில் 240. அதே கொள்ளளவில் இரு மடங்குக்கும் மேல்! எந்த மாணவனும் இந்த எண்களைக் கண்டு பிர்கினின் பக்கமே சேர்வான்.

ஆயினும் எண்கள் சொல்லாத சில செய்திகள் உண்டு. இயந்திரத்தின் அடிப்படை அமைப்பை மாற்றிச் சூப்பர்சார்ஜருக்கு உள்ளே இடம் தருவதற்குப் பென்ட்லி உடன்படவில்லை. ஆகவே அந்தக் கனத்த கருவி வண்டியின் மூக்குக்கு முன்னால், ரேடியேட்டருக்கும் முன்னே தொங்கிக்கொண்டிருந்தது. முன்பாரம் கூடியதால் வளைவுகளில் வண்டியைத் திருப்புவது கடினமாயிற்று. இயந்திரத்தின் உறுப்புகள் சிலவற்றை வலுப்படுத்தினார்கள். ஆனாலும் அது மெல்ல மூச்சு விடுவதற்கென்று பிறந்த இயந்திரம். மெர்சிடிஸ் வண்டியிலோ, ஓட்டுபவர் மிதியை அடிவரை அழுத்தும்போது மட்டும் சூப்பர்சார்ஜர் இயங்கும். மற்ற வேளைகளில் ஓய்ந்திருக்கும். பென்ட்லியில் அது கிராங்க் தண்டோடு நேரே பிணைக்கப்பட்டிருந்ததால் ஓயாமல் ஊதிக்கொண்டே இருந்தது.

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லெ மானில் இரு தரப்பும் ஒரே களத்தில் இறங்கின. பென்ட்லியின் ஸ்பீட் சிக்ஸ் வண்டிகள் ஒருபுறம். பிர்கினின் ப்ளோயர் வண்டிகள் ஒருபுறம். பொது எதிரியாக ஏழு லிட்டர் மெர்சிடிஸ் வண்டி நின்றது. அதை ஓட்டியவர் ருடால்ஃப் கராக்கியோலா. அக்காலத்தின் ஒப்பற்ற ஓட்டி.

பந்தயம் தொடங்கிச் சில சுற்றுகளுக்குள்ளேயே பிர்கின் மெர்சிடிஸைத் துரத்திப் பிடித்தார். குறுகிய சாலையில் இடமில்லை. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் புல்தரையில் ஓட, அவர் முந்திச் சென்றார். அவருடைய டயரின் மேற்பட்டை கிழிந்து பறந்தது. அப்போதும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்தப் பந்தயத்தின் மிக விரைவான சுற்றும் அவருடையதே. பார்த்தவர் எவரும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பந்தயம் ஒரு சுற்றோடு முடிவதன்று. பிர்கின் டயர் மாற்ற நின்றார், மீண்டும் ஓடினார். ஸ்பீட் சிக்ஸ் விடாமல் நெருக்க, மெர்சிடிஸ் இரவில் பழுதுற்று விலகியது. மறுநாள், பந்தயம் முடியுமுன், ப்ளோயர் வண்டிகள் இரண்டும் இயந்திரம் பழுதாகி நின்றன. பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய ஸ்பீட் சிக்ஸ் 24 மணி நேரத்தில் 2,930 கிலோமீட்டர் ஓடி வென்றது. இரண்டாம் இடமும் மற்றொரு ஸ்பீட் சிக்ஸுக்கே கிடைத்தது.

பென்ட்லியின் வழக்கு வென்றது என்று இங்கே கதையை முடித்துவிடலாம். நானும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அப்படித்தான் முடித்தேன். "பார்த்தீர்களா, குறுக்கு வழி உதவாது, நிதானமே வெல்லும்" என்று சொல்லிக் கரும்பலகையை அழித்துவிடுவேன். வரலாற்றை அரைகுறையாகப் படித்தவன் செய்யும் பிழை அது. அடுத்த ஆண்டை நான் புரட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1931-இல், பென்ட்லி கம்பெனி உலகப் பொருளாதார மந்தத்தில் சிக்கி நொடித்தது. ரோல்ஸ் ராய்ஸ் அதை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு பிர்கின் மீண்டும் லெ மானுக்குச் சென்றார். இம்முறை அவருக்கு வாய்த்தது ஆல்ஃபா ரோமியோ என்னும் இத்தாலிய வண்டி. அதன் இயந்திரம் 2,336 சி.சி. மட்டுமே, முந்திய ஆண்டு வென்ற ஸ்பீட் சிக்ஸின் 6,597 சி.சி.யோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சியது. ஆனால் அதில் சூப்பர்சார்ஜர் இருந்தது. பிர்கினும் ஹௌ பிரபுவும் அந்தச் சிறு வண்டியை ஓட்டி 3,017 கிலோமீட்டர் கடந்து முதலிடம் பெற்றனர். லெ மானில் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் வண்டி அதுவே.

இப்போது சொல்லுங்கள், வழக்கில் வென்றவர் யார்? சூப்பர்சார்ஜர் ஒரு நாள் முழுதும் தாக்குப்பிடிக்காது என்று நினைத்தவர்கள் தோற்றார்கள். எந்த இயந்திரத்திலும் அதைப் பூட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள் முன்பே தோற்றிருந்தார்கள். ஆல்ஃபா ரோமியோவை வகுத்த விட்டோரியோ யானோ, காகிதத்தில் முதற்கோடு வரைந்தபோதே சூப்பர்சார்ஜரையும் சேர்த்து வரைந்தவர். அந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் எதிர்பார்த்தே ஒவ்வொரு உறுப்பும் அமைக்கப்பட்டது. பிர்கின் விரும்பிய கருவி நல்ல கருவிதான். அது சேர்ந்த இடமே பொருந்தவில்லை. பென்ட்லி தம் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னது முற்றும் உண்மை. ஆனால் அது எல்லா இயந்திரங்களுக்கும் உண்மையன்று.

பிர்கின் தம் ப்ளோயரைக் கைவிட்டுவிடவும் இல்லை. 1932-இல் ஒற்றை இருக்கை கொண்ட ப்ளோயர் வண்டியில் புரூக்லண்ட்ஸ் பந்தயத்தளத்தை மணிக்கு 137.96 மைல், அதாவது 222 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிச் சாதனை படைத்தார். ஒரு சுற்றுக்கு அந்த இயந்திரம் தாங்கும். ஒரு நாளுக்குத்தான் தாங்காது. மறு ஆண்டே, 36 வயதில், அவர் காலமானார். பென்ட்லி 1971 வரை வாழ்ந்தார்.

விந்தை என்னவென்றால், பெரிய நெடும்பந்தயம் எதையும் வெல்லாத அந்த ப்ளோயரையே மக்கள் மறக்கவில்லை. 1953-இல் வெளிவந்த முதல் நாவலிலேயே ஜேம்ஸ் பாண்டுக்கு அந்த வண்டியைத்தான் ஆசிரியர் கொடுத்தார். பிர்கினின் ஒற்றை இருக்கை வண்டி 2012-இல் ஏலத்தில் ஐம்பது லட்சம் பவுனுக்கு மேல் விலைபோனது. 2019-இல் பென்ட்லி கம்பெனி ஒரு பழைய ப்ளோயர் வண்டியின் உறுப்புகளை லேசர் கருவியால் அளந்து, அதைப் போலவே 12 புதிய வண்டிகள் செய்யப்போவதாக அறிவித்துச் செய்தும் முடித்தது. அச்சமற்ற முயற்சியை உலகம் நேசிக்கிறது, அதில் தவறில்லை. நேசிப்பது வேறு, பாடம் கற்பது வேறு.

இந்த வரலாற்றை நான் மீண்டும் படிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், கணக்கில் பின்தங்கிய ஒரு பையனைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நானே தயார் செய்தேன். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறப்பு வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள். பின்னக் கணக்கே அவனுக்குத் தெளிவாகவில்லை என்பது எனக்குத் தெரியும். திரும்பிப் போய்க் கற்பிக்க நேரமில்லை என்று, விடைகளை வரிவரியாகப் பயிற்சி கொடுத்துத் திணித்தேன். அவன் உயர்ந்த மதிப்பெண் பெற்றான், பள்ளியில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். அடுத்த ஆண்டு பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவில் சேர்ந்தவன் முதற்பருவத்திலேயே திணறி, பிரிவை மாற்றிக்கொண்டான்.

ஒரு நாள் தாழ்வாரத்தில் அவனை நிறுத்திக் காரணம் கேட்டேன். "சார், கணக்கு போட எனக்குத் தெரிந்தது. ஏன் அப்படிப் போட வேண்டும் என்பதுதான் தெரியவே இல்லை" என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது. மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஓர் இயந்திரத்தின் மூக்கில் நான் ஒரு துருத்தியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். சிறப்பு வகுப்பு என்பது தீய கருவியன்று. முதலில் பின்னத்தைச் சீர்செய்துவிட்டு அதை நடத்தியிருந்தால் அவன் வெகுதூரம் போயிருப்பான்.

எனவே, மாணவ நண்பர்களே, வேகத்தை வெறுக்காதீர்கள். கூடுதல் உழைப்பையும் புதிய கருவியையும் அஞ்சி ஒதுக்காதீர்கள். 1931-ஆம் ஆண்டின் வெற்றி அதற்குச் சான்று. ஆனால் எதையேனும் புதிதாகப் பூட்டுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதைத் தாங்குவதற்கு என் அடித்தளம் ஆயத்தமாக இருக்கிறதா? இல்லையெனில், முதலில் அதைச் சீர்செய்யுங்கள். வண்டிக்காரர் புறப்படுவதற்கு முதல் நாள் அச்சுக்கு மை இட்டது அதற்காகத்தான்.